தருக்கும் தொழும்பும்: திருக்கோணமலைப் பனுவல்கள் சில பற்றிய ஒரு நோக்கு

‘நான்’ என்னும் முனைப்பை நாளாந்தச் சாதனையால் அடக்குதல் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒருசாரார் அதனைத் தனிமனிதனின் உள்ளத்துள்ளே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் அமைதிப் பயிற்சியாகக் காண்பர். விடியற்காலைத் தியானம், மூச்சுப் பயிற்சி, நாமசெபம் என்பனவே அவர்க்குச் சாதனை. முற்போக்கு நோக்குடைய மற்றொரு சாராரோ, ஆளப்படுவோரைப் பணியவைக்கும் கருத்தாயுதம் என்று ஒரே சொல்லில் அதனை ஒதுக்கிவிடுவர். எதிரெதிர்த் திசைகளில் நிற்கும் இவ்விரு திறத்தாரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றமை விந்தையே. சாதனை என்பது உடலுழைப்போடு தொடர்பற்ற அகவினை என்றே இருவரும் கொள்கின்றனர். தமிழ்ச் சைவத்தின் மூலநூல்கள் அவ்வாறு கூறவில்லை. கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், விளக்கேற்றல் என்பனவற்றையே அவை சாதனையின் முதற்படியாக வைத்தன. அவ்வாறாயின் அந்த வேலைகளை யார் செய்தனர், யார் செய்வித்தனர், அவற்றால் யாருடைய முனைப்பு அடங்கியது என்ற வினாக்கள் தவிர்க்கவியலாதன.

இவ்வினாக்களைத் திருக்கோணமலையை மையமாகக் கொண்ட சில பனுவல்களில் வைத்துப் பார்க்க விழைகிறோம். இத்தெரிவுக்குக் காரணம் உண்டு. சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம், கவிராச வரோதயனின் கோணேசர் கல்வெட்டு, இந்நகரில் சிலகாலம் கல்விப்பணி புரிந்த விபுலாநந்த அடிகளின் புகழ்பெற்ற பாடலொன்று என்பன ஒரே துறைமுகப் பிரதேசத்தோடு உறவுடையன. அவை மூன்றும் ஒரே பொருளை மூன்று வேறு சமூக நிலைகளிலிருந்து பேசுகின்றன. பதிகம் முனைப்பின் வீழ்ச்சியைப் பாடுகிறது. கல்வெட்டு தொண்டின் பங்கீட்டை வகுக்கிறது. அடிகளின் பாடல் வழிபாட்டுப் பொருளையே இடம்மாற்றி வைக்கிறது.

பனுவல்களுட் புகுமுன் சொல்லொன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அகங்காரம், ஆணவம் ஆகிய இரண்டும் இன்று ஒருபொருட்சொற்களாக வழங்குகின்றன. சைவசித்தாந்தம் அவற்றை ஒன்றெனக் கொள்வதில்லை. அகங்காரம் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று, அந்தக்கரணங்களில் அடங்குவது, கருவி மாத்திரமே. ஆணவமோ உயிரோடு அநாதியாக உடனுறையும் மலம். செம்பிற் களிம்பு போல்வது. 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அதனை இருளோடு ஒப்பிட்டு, இருளினும் கொடியதென்பதற்கு ஒரு நுட்பமான காரணம் காட்டுகிறார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. இருள் இருக்கிறது என்பதை நாம் அறிகிறோம். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன் இருப்பையும் மறைத்துக்கொள்கிறது. தன்முனைப்புப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றுள் இதனைவிடக் கூரிய அவதானம் அரிது என்றே நாம் கருதுகிறோம். தனக்கு ஆணவம் இல்லையென்று ஒருவன் நிறைவாக உணரும் கணமே அது முழுவலியோடு தொழிற்படும் கணமாகவும் இருக்கலாம் என்பது இதன் உட்கிடை.

மற்றொன்றும் உண்டு. முத்திநிலையிலும் ஆணவம் அழிந்தொழிவதில்லை, அதன் சத்தி மடங்குகிறது என்பதே சித்தாந்தத் துணிபு. ஒளியின் முன் இருள் ஒடுங்குவது போல அது ஒடுங்கி நிற்கும். அழித்தல் ஒருமுறை செய்து முடிக்கும் வினை, ஒடுக்குதல் அவ்வாறன்று. விளக்கு அணைந்தால் இருள் மீளும். ஆதலாற்றான் மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் இறுதிச் சூத்திரமாகிய பன்னிரண்டாவதில், ஞானம் பெற்றவனுக்கும் மலத்தைக் கழுவும் கடமையை விதித்து, அடியாரோடு கூடியிருக்கவும் ஆலயத்தையும் திருவேடத்தையும் வழிபடவும் சொல்கிறது. ஞானத்துக்குப் பின்னரும் ஏன் கோயில் என்ற கேள்விக்கு உரையாசிரியர்கள் பலவாறு விடை கூறியுள்ளனர். எமக்குத் தோன்றும் விடை எளியது. வெண்கல விளக்கை வீட்டிலே துலக்குவோர்க்கு அது விளங்கும். நேற்றுப் புளியிட்டுத் துலக்கிய விளக்கு இன்று மங்குகிறது. அது துலக்கியவரின் குற்றமன்று, உலோகத்தின் இயல்பு. நாளாந்தம் என்ற சொல்லின் தத்துவ நியாயம் இதுவே.

இனி அந்நாளாந்தச் சாதனை யாது என்பதை அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரம் விளக்குகிறது. சரியை என்னும் தாசமார்க்கத்துக்கு உரியனவாக அது கூறுவன கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல், விளக்கிடல், நந்தனவனம் அமைத்தல் ஆகியன. அடியாரைக் கண்டால் யான் செய்யவேண்டிய பணி யாதென வினவி நிற்றலும் அவற்றோடு சேரும். இதற்கு இலக்கியமாக மரபு காட்டுவது உழவாரம் தாங்கிய அப்பரை. இப்பட்டியலில் உள்ள வேலைகள் அனைத்தும் அக்காலச் சமுதாயத்தில் ஏவலாளர் செய்தவை என்பது மனங்கொளத்தக்கது. முன்பு சமணசமயத்துத் தலைமை எய்தியிருந்தவராகப் பெரியபுராணம் கூறும் வேளாளகுல நாவுக்கரசர், புல்செதுக்கும் கருவியைக் கையிலெடுத்தார். உயர்நிலையிலிருந்தவன் தாழ்வெனக் கருதப்பட்ட வேலையை நாள்தோறும் தன் உடலாற் செய்கையிலேயே அவனது முனைப்புக்கு அடி விழுகிறது. அப்பர் வரலாற்றின் சிறப்பு இவ்விறக்கத்திலேயே தங்கியுள்ளது. பிறப்பாலே அவ்வேலைக்கு விதிக்கப்பட்டவனிடத்து இறங்குதற்கு இடமேது?

பேராசிரியர் கைலாசபதி (1933–1982) தம் ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலில், நாயன்மார் காலத்துச் சமயப் போரை வணிக வர்க்கத்துக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையிலான முரண்பாட்டின் வெளிப்பாடாக விளக்கினார். அவ்விளக்கம் தமிழாராய்ச்சியில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பக்தி இயக்கத்தின் சமூக அடிப்படையை ஆராய்ந்தவர்கள் அதன் அன்றாட ஒழுக்கத்தை, அதாவது யார் எந்தத் துடைப்பத்தை எடுத்தார் என்ற சிறிய கேள்வியை, பெரும்பாலும் கடந்து சென்றுவிட்டனர். எமது நோக்கு அவ்விளக்கத்தை மறுப்பதன்று. அது விட்டுச்சென்ற இடத்திலே தொடர்வது.

பதிகத்துக்கு வருவோம். சம்பந்தர் இங்கு வந்திலர்; இராமேச்சரத்தில் இருந்தவாறே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்பது சேக்கிழார் தரும் செய்தி. பதிகத்தின் முதற்பாட்டிலேயே துறைமுகத்துக் காட்சியொன்று உண்டு. சந்தனமும் அகிலும் மணிகளும் வாரிக்கொண்டு வரும் கடல் முத்துக்களைக் கரையிலே கொழிக்கிறது. சந்தனமும் அகிலும் மலைபடு பொருள்கள். காவிரி முதலிய ஆறுகள் அவற்றை உருட்டிவருவதாகப் பாடுவது தேவார மரபு. ஆற்றுக்குரிய அவ்வருணனை இங்கே கடலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. வங்கக் கடலின் கீழைத்துறையொன்றில் வணிகப் பண்டங்கள் வந்திறங்கிய நினைவு அதன் பின்னணியில் இருத்தல் கூடும். ஆனால் பாட்டில் சுமப்பவர் எவரும் இல்லை. பண்டத்தைக் கரைசேர்க்கும் வேலையை அலையே செய்துவிடுகிறது. இறையருளின் வளமாகக் காணப்படும் செல்வத்தில் மனித உழைப்பு மறைந்துவிடுதல் பதிகக் கவிதையின் பொதுவியல்பு. பிறிதோரிடத்தில் கோயிலும் சுனையும் கடலும் ஒருங்கே சூழ்ந்த தலமாகக் கோணமலை காட்டப்படுகிறது. தாயினும் மேலானவர் எனப் போற்றும் அடியாரின் வாயிலும் மனத்திலும் இறைவன் நீங்காது பொருந்தியிருக்கிறார் என அப்பாட்டு மொழிகிறது. வாய், மனம் என்ற இரண்டும் சுட்டப்பட்டன. கை சுட்டப்படவில்லை.

பதிகத்தின் எட்டாம் பாட்டே எமது பொருளுக்கு நேரானது. மலையை எடுத்தவனின் தருக்கை விரலால் இழித்து, பின் அவன் ஏத்தியபோது பேறும் அளித்தவர் என்று அது இறைவனைப் பாடுகிறது. தருக்கு என்ற சொல்லை நோக்குக. செருக்கு, இறுமாப்பு என்ற பொருளோடு, தன் வலிமையில் ஊன்றி நிற்றல் என்ற கருத்தும் அதிலுண்டு. இருபது தோள்களால் எடுக்கப்பட்ட மலைக்கு எதிராக ஒரு விரல் போதுமாயிற்று. இராவணன் அழியவில்லை, நெரிந்தவன் பாடினான், பாடியவன் வரம் பெற்றான். ஆணவம் அழிவதன்று, மடங்குவது என்று 13ஆம் நூற்றாண்டில் கோட்பாடாக வகுக்கப்பட்டது 7ஆம் நூற்றாண்டுக் கவிதையில் கதையாகவே நின்றுவிட்டது. தலைமைச் சைவர் பலரைக் காட்டிலும் இராவணனே தமிழ்ப் பக்திக் கவிதையில் மிகுதியாக நினைக்கப்படும் அடியவன் என்று கூறினும் இழுக்காது. சம்பந்தர் பாடியனவாக இன்று கிடைக்கும் 380க்கு மேற்பட்ட பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் அவனுக்குரியது. ஊர்தோறும், தலந்தோறும் அதே கதை. இம்மீள்கூற்றை யாப்புச் சடங்கு எனக் குறைகூறியோர் உளர். நாளாந்தச் சாதனையின் இலக்கிய வடிவம் அது என்று கொள்வது பொருத்தம்.

அடுத்து வரும் பாட்டுக்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு சுவையான முரண் புலப்படும். ஒன்பதாம் பாட்டு அயனும் மாலும் அறியமாட்டாமையைச் சொல்கிறது. அங்கும் முனைப்பு வீழ்கிறது. பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் பழிக்கிறது. பதினோராம் பாட்டில் பாடியவர் தம்மைக் காழியர் தலைவர் என்றும் கற்றுணர்ந்தவர் என்றும் பெயர்பொறித்துக் கொள்கிறார். இரண்டு பாட்டில் பிறர் தருக்கு அடங்கியது. அடுத்த இரண்டில் சமயத்தின் தருக்கும் புலவனின் தருக்கும் தலைதூக்கின. முத்திரைக் கவி மரபு அதுவே என்று இதற்கு அமைதி கூறலாம். கூறுவதால் முரண் மறைந்துவிடாது. தன்னை மறைக்கும் இருள் பற்றி உமாபதியார் சொன்னது, தம் மரபின் தலைசிறந்த பாடகருக்கும் பொருந்துவதே.

இராவணன் கோணமலைக்கு அயலவனல்லன். சுவாமிமலையின் பாறைப் பிளவு இராவணன் வெட்டு என வழங்குகிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அவன் தாய்க்கு இறுதிக்கிரியை செய்தபோது தோன்றின என்பது வழக்கு. மண்ணின் கதையில் அவன் மலையைப் பெயர்க்க முயன்றவனாக மட்டுமன்றித் தாயின் பொருட்டுத் துயருற்ற மகனாகவும் நிற்கிறான். தமிழகத்தில் புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் இயற்றினார். 1948இல் அது தடைசெய்யப்பட்டது. 1971இல் தடை நீங்கியது. இலங்கையிலோ அண்மைத் தசாப்தங்களில் சிங்களத் தேசிய உணர்வாளர் பலர் அவனைத் தம் மூதாதையாக உரிமைகோரினர். 2019இல் விண்ணுக்குச் சென்ற நாட்டின் முதற் செய்மதிக்கு அவன் பெயரே இடப்பட்டது. தருக்கு அடங்கியமைக்காகப் பாடப்பட்டவன் இனங்களின் தருக்குக்குக் கொடியாகியிருக்கிறான். தனிமனிதனின் ‘நான்’ பற்றி நிறையப் பேசும் சமயங்கள் ‘நாம்’ என்பதன் ஆணவம் பற்றி எவ்வளவு பேசின என்பதும் ஆராயவேண்டியதே.

கோணேசர் கல்வெட்டு முற்றிலும் வேறு உலகம். பெயர் கல்வெட்டாயினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. பாட்டும் உரைநடையும் விரவி ஏட்டில் வழங்கிய ஒழுங்குநூல். குளக்கோட்டன் கோயிலெடுத்து, கந்தளாய்க் குளம் கட்டி, குடிகளைக் கொணர்ந்து இருத்தி, கோயிற்பணிகளை அவர்க்குப் பகுத்துக் கொடுத்தான் என்பது அதன் உள்ளீடு. குளக்கோட்டன் யார், எக்காலத்தவன் என்பதில் வரலாற்றறிஞர் ஒருமுகப்படவில்லை. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டப்படுவதுமன்று. நூல் பலகால அடுக்குகளை உடையது என்ற அளவில் அமைவோம். தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் என்னும் பிரிவுகளும் அவற்றின் உரிமைகளும் கடமைகளும் இதில் வரையறுக்கப்படுகின்றன. பூவெடுத்தல், மாலை கட்டல், விளக்கேற்றல், நெற்குற்றல் போன்ற வேலைகள் இன்னின்ன குடிக்கு என்று நிலைபெறுகின்றன. வழுவினோர்க்கு வரும் கேடும் கூறப்படுகிறது.

சித்தியார் பட்டியலையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேலைகள் பெரும்பாலும் அவையே என்பது தெரியும். பூ, விளக்கு, மெழுக்கு எல்லாம் உள்ளன. மாறியிருப்பது செய்பவனின் நிலை. அங்கே ஒருவன் தானே விரும்பி ஏற்ற தாழ்வு. இங்கே வழிவழி விதிக்கப்பட்ட ஊழியம். அங்கே சாதனை, இங்கே கடமை, அதற்கு ஈடாக நிலமும் உரிமையும். தமிழில் தொழும்பு என்னும் ஒரு சொல் அடிமைத்தனத்தையும் திருத்தொண்டையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று. சோழர்காலத்துக் கல்வெட்டுக்களில் பஞ்சத்தாலும் வறுமையாலும் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டோரின் செய்திகள் உள்ளன. மாணிக்கவாசகர் போன்றோர் ஆட்கொள்ளப்படுதலைப் பாடிய அதே சொற்களால் அவர்களது விற்பனை ஓலையும் எழுதப்பட்டது. கவிதையில் அடிமை என்பது உருவகம். ஓலையில் அது சட்டம்.

ஆயினும் இந்நூலை ஒடுக்குமுறையின் ஆவணம் எனச் சொல்லி அப்பால் செல்வது எளிமைப்படுத்தலாகும். தொழும்பு செய்த குடிகள் அதனைச் சுமையாக மட்டும் எண்ணினர் என்பதற்கில்லை. குற்றிய நெல் அமுதாகும், கட்டிய மாலை சாத்தப்படும், அப்பணி தம் குடிக்கே உரியது என்ற எண்ணம் பெருமிதம் தருவது. பணிவைக் கற்பிக்கவேண்டிய பணி, உரிமையான மாத்திரத்தே தருக்குக்கு வித்தாகிறது. விளக்கேற்றும் உரிமைக்காகவும், காளாஞ்சி முதலில் யாருக்கு என்பதற்காகவும், திருவிழா உபயம் எந்நாள் எவர்க்கு என்பதற்காகவும் நமது கோயில்களில் நடந்த வழக்குகள் ஈழத்து நீதிமன்ற வரலாற்றில் ஒரு தனிப்பகுதி. முதல் மரியாதை என்ற வழக்கம் மேலிருப்போரின் ஆணவத்தை ஆண்டுதோறும் துலக்கிப் பொலிவுறச் செய்யும் ஏற்பாடு. ஆலயம் ஒரே வேளையில் ஆணவத்தை ஒடுக்கும் இடமாகவும் வளர்க்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. எது நிகழ்கிறது என்பதைத் தீர்மானிப்பது, வேலையும் மரியாதையும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே.

1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை எழுப்பினான். அக்கோட்டையே இன்று பிரெடரிக் கோட்டை எனப்படுவது. திருவுருவங்கள் சில மறைத்துக் காக்கப்பட்டன. தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் கோயில் எழுந்தது. பழைய தொழும்பு முறைமையின் எச்சங்கள் அங்கே நீண்டகாலம் வழக்கில் இருந்தன. மலையிலோ கோயில் இல்லை. எனினும் பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கி மலரிட்டு வழிபடும் வழக்கம் தொடர்ந்தமையை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளில் காண்கிறோம். கட்டடமில்லை, கருவறையில்லை, முதல் மரியாதைக்கும் இடமில்லை. பாறையும் பூவும் கீழே அலையும் மட்டுமே. மரபு தன்னிடமிருந்த அனைத்தையும் இழந்திருந்த அக்காலத்து வழிபாடு, சாதனை என்ற வகையில் மிகத் தூயதாய் இருந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. இழப்பைப் புகழ்கிறோம் என்று வாசகர் கொள்ளவேண்டாம். 1950இல் கிணறு தோண்டுகையில் திருமேனிகள் வெளிப்பட்டதும் 1963இல் குடமுழுக்கு நடந்ததும் இப்பிரதேச மக்களுக்கு எத்தகைய மீட்சி என்பதை நாம் அறிவோம். இன்றும் அடியார்கள் படைமுகாமாயுள்ள கோட்டையின் வாயிலைக் கடந்தே மலையேறுகின்றனர் என்பதையும் மறந்திலோம்.

விபுலாநந்த அடிகள் (1892–1947) 1924இல் துறவேற்று இலங்கைக்கு மீண்டபின், 1920களில் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற கீழ்மாகாணப் பாடசாலைகளை நடத்தினார். திருக்கோணமலை இந்துக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. விவேகானந்தரின் கர்மயோகத்தையும் ஞானயோகத்தையும் தமிழாக்கியவர் அவர். அவரது ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்ற பாடலை நமது பாடசாலை மாணவர் அனைவரும் அறிவர். மலர்கள் பலவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இறைவன் வேண்டுவன அவையல்ல, உள்ளமாகிய தாமரையும் கூப்பிய கையாகிய காந்தளும் நோக்கும் விழியாகிய நெய்தலுமே என்று அது விடை கூறுகிறது.

அகவழிபாட்டைப் போற்றும் பாடல் என்றே இதனை வழக்கமாக விளக்குவர். கோணேசர் கல்வெட்டைப் படித்த கையோடு இதனைப் படிப்பவர்க்கு வேறொன்று தோன்றும். மல்லிகைக்குத் தோட்டம் வேண்டும். பறிக்க ஆள் வேண்டும். தொடுக்க உரிமை வேண்டும். சாத்துதற்கு வேறொருவர் வேண்டும். அடிகள் காட்டும் மூன்று மலர்க்கும் இவை எவையும் வேண்டா. கையும் கண்ணும் உள்ளமும் எக்குடியிலும் பிறக்கும். தானத்தாரும் வரிப்பத்தாரும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் ஒரே பூவை ஒரே தகுதியோடு வைத்திருக்கின்றனர். மென்மையான ஒரு சந்தத்துள் பரம்பரைத் தொழும்பின் அடிப்படையே பெயர்க்கப்பட்டுவிட்டது. காந்தளும் நெய்தலும் திணைப்பெயர்களோடு வருவதால் குறிஞ்சியும் கடற்கரையும் உடம்புக்குள் வந்துவிடுகின்றன என்பது பாடலின் வேறோர் அழகு.

ஆயினும் இப்பாடலை முழுநிறைவுடைய விடையாகக் கொள்ள எம்மால் இயலவில்லை. விளக்குத் துலங்கியதா இல்லையா என்பது ஊரார் கண்ணுக்குத் தெரியும். உள்ளத்தாமரை மலர்ந்ததா என்பதை யார் சோதிப்பது? தன்னையே மறைக்கும் இயல்புடைய ஆணவத்துக்கு அகத்தைப்போல் வாய்ப்பான மறைவிடம் பிறிதில்லை. இன்று நகரங்களில் கட்டணம் பெற்றுக் கற்பிக்கப்படும் தியானங்கள் பல இம்மறைவிடத்தைக் குளிரூட்டித் தருகின்றன. அங்கு அமைதி கிடைப்பது உண்மையாகலாம். வகுப்பறையைக் கூட்டுபவர் வேறொருவராகவே இருக்கிறார். அடிகள் இப்பாடலை மட்டும் எழுதிவிட்டு அமர்ந்திருப்பாராயின் அவர்மேலும் இக்குறையைச் சாற்றலாம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பது அவர் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. பேராசிரியர் பதவி அக்காலத்தில் எளிதிற் கிட்டாத உயர்வு. அவ்வுயர்விலிருந்து நாளின் இறுதியில் சேரிக்கு நடந்த நடையில் அப்பரின் உழவாரம் மீண்டும் தோன்றுகிறது. பாடல் பாதியையே கூறியது. மறுபாதியை அவர் கால்கள் கூறின.

முற்போக்கு அணியினர் எழுப்பும் ஆட்சேபத்துக்கும் இவ்விடத்தில் விடைகூற வேண்டும். அடக்கம் பேசும் சமயம் போராட்டத்தை மழுங்கடிக்கும் என்பது அவர் கூற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனிடம் ‘நான் என்பதை விடு’ என்று உபதேசிப்பது கொடுமையே. உலகம் அவனுக்கு ‘நான்’ என்ற ஒன்றை இன்னும் வழங்கவேயில்லை. அவன் முதுகு நிமிர்தல் ஆணவமாகாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்தும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயத்தினுள் நுழையவந்தோர் வாயிலில் தடுக்கப்பட்டனர். உள்ளே நின்றோரில் எத்தனையோ பேர் நாள்தவறாது திருமுறை ஓதியவர்களாக இருந்திருப்பர். அன்று ஆணவம் வாயிலுக்கு எப்பக்கத்தில் நின்றது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து சாதனை பொய்யென்று முடிவுகட்டினால், போராட்டத்தில் தலைமை எய்தியவனின் தருக்கை எதனால் அளப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. இயக்கங்கள் பல பிளவுண்டமைக்கு இயக்கத்துள் முளைத்த முனைப்பும் ஒரு காரணம் என்பதைக் கடந்த அரைநூற்றாண்டு காட்டியுள்ளது. கூட்டம் முடிந்தபின் கதிரைகளை அடுக்குவது யார் என்று பார்த்தாலே பல விடயங்கள் தெரிந்துவிடும்.

நாளாந்தச் சாதனை பற்றிய இவ்வாராய்ச்சியைச் சைவத்தோடு நிறுத்தினால் இப்பிரதேசத்தின் இயல்புக்குப் பொருந்தாது. திருக்கோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் அருகே வெல்கம் விகாரை உள்ளது. சோழராட்சிக் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரும் வழங்கியது. சம்பந்தர் பத்தாம் பாட்டிற் பழித்த சமயத்துக்குத் தமிழர் செய்த கொடைகளை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் பதிவுசெய்கின்றன. அணையா விளக்குக்கு வைத்த பசுக்களும் அவற்றுட் குறிக்கப்படுகின்றன. பசு பால் தரும், பால் நெய்யாகும், நெய் திரியிற் சேரும். ஆகவே அதுவும் நாளாந்தம் செய்யவேண்டிய வேலை. விளக்கு வைத்த கொடையாளரின் பெயர் தம் பட்டத்தோடு கல்லில் நிற்கிறது. பசுவைக் கறந்தவர், நெய் உருக்கியவர், ஒவ்வொரு மாலையும் திரி தூண்டிவிட்டு எழுந்து சென்றவர் ஆகியோரின் பெயர் எதுவும் அக்கல்லில் இல்லை.